அப்பா பஸ்னாலே ஒதுங்குறாரு... ஆம்பளைங்களுக்கு மூத்திரம் கசியுறத பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

டிக்கோயா மகன் · ஞாயிறு இரவு 9.52

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிக்க மட்டும் தான் வருவேன், எழுதுறது இதான் மொத தடவ. விஷயம் கொஞ்சம் கூச்சமானது, சிரிக்கிறவங்க சிரிங்க பரவால்ல ஆனா தெரிஞ்சத சொல்லிட்டு சிரிங்க.

அப்பாவுக்கு 66. தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்து ரிட்டயர் ஆனவரு. நான் கொழும்புல வேல, தங்கச்சி வத்தளையில. போன மாசம் தங்கச்சி மகளுக்கு சடங்கு வெச்சோம், மூத்த பேத்தி, அப்பா தூக்கி வளத்த புள்ள, மனுஷன் வரல. அம்மா மட்டும் வந்தாங்க. கேட்டா காய்ச்சல்ங்கிறாரு. அதுக்கு முன்னுக்கு ஒரு கலியாணம், அப்ப முதுகு வலி. பஸ் ஏறணும்னு சொன்னாலே ஏதாவது ஒரு நோய் வந்துருது.

தீவாளிக்கு வீட்டுக்கு போனப்ப தான் பாத்தேன். அலுமாரிக்கு பின்னால ஒரு கம்பி கட்டி அதுல துணித் துண்டு காயுது, பழைய சாரத்த சமமா கிழிச்சி நாலா மடிச்சி தச்சது, எண்ணிப் பாத்தேன் 12 துண்டு. அம்மாவுக்கே தெரியல. ஊசி நூல் புடிச்சி அவரே தச்சிருக்காரு. நான் ஒன்னும் கேக்கல அவரும் ஒன்னும் சொல்லல, ரெண்டு பேரும் உக்காந்து கிரிக்கெட் பாத்தோம்.

ராத்திரி நாலஞ்சு தடவ எந்திரிக்கிறாரு. கக்கூஸ் வெளிய, எட்டுப் படி எறங்கணும், பனியில படி வழுக்கும். மதியத்துக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்ல. கேட்டா "குளிருடா"ங்கிறாரு. பிரஷருக்கு மட்டும் மருந்து எடுக்கிறாரு. இது வயசுக்கு வர்றது தானா, இல்ல காட்டணுமா? காட்டுறதுன்னா யார்கிட்ட?

மவுண்டன் கிங் · ஞாயிறு இரவு 10.15

தம்பி இதெல்லாம் பெரிய விஷயமே இல்ல, நம்ம குளிருக்கு எல்லாருக்கும் அடிக்கடி வரத்தான் செய்யும். நுவரெலியா 1868 மீட்டர் ஒசரத்துல இருக்கு, ஜனவரி விடியக்காலையில புல்லு மேல வெள்ளையா பனி உறைஞ்சி கெடக்கும், அங்க இருக்கவன் எத்தன தடவ போவான்னு நெனக்கிறீங்க. பொல்பலா மூலிகைய அவிச்சி காலையில வெறும் வயித்துல குடுங்க, வாழத்தண்டு சாறு குடுங்க, பின்னேரம் 4 மணிக்கு மேல தண்ணிய நிப்பாட்டுங்க. எங்க தாத்தா கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரி படி ஏறல.

பதுளை பெரியவர் · ஞாயிறு இரவு 10.48

மகன், நான் உங்க அப்பா வயசுக்கு மூணு வயசு கூட. அந்த 12 துண்டு விஷயத்த வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் போன கீழ வெச்சிட்டேன். நான் பழைய கை பெனியன வெட்டி வெச்சிருந்தேன், அவ்வளவு தான் வித்தியாசம்.

எனக்கு இருந்தது என்னன்னா, போயி முடிச்சி உதறிட்டு வந்து நாலடி வெச்சதும் ஒரு கரண்டி அளவு தானா எறங்கும். சாரத்துல ஒன்னும் தெரியாது, சாம்பல் கலர் களிசான் போட்டேன்னா நாடு பூரா தெரியும். கோயில் கமிட்டிக் கூட்டத்துல ரெண்டு வருஷம் சால்வைய முன்னுக்கு தொங்க விட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன், ஆளுங்க எனக்கு தலகனம் வந்துருச்சின்னு பேசினாங்களாம்.

பொறவு ஒரு இளம் டொக்டர் தான் சொல்லிக் குடுத்தாரு. மூத்திரக் கொழாய் விதைக்கு பின்னால ஒரு வளைவா வருது, அந்த வளைவுல கொஞ்சம் தங்கிருது, முன்னுக்கு எவ்வளவு உதறினாலும் அது வராது. போயி முடிச்சதும் விதைக்கு பின்னால ரெண்டு விரல வெச்சி லேசா மேல அமுக்கி முன்பக்கமா தள்ளிக்கிட்டு வரணும், ரெண்டு மூணு தடவ. தங்கினது வெளிய வந்துரும். இவ்வளவு தான். இதுக்கு மருந்தும் இல்ல மாத்திரையும் இல்ல. ரெண்டு வருஷ சால்வ ரெண்டு விரல்ல தீந்துச்சி.

ஆனா உங்க அப்பாவுக்கு ராத்திரி அஞ்சு தடவன்னா அது வேற சங்கதி, காட்டுங்க.

பழைய மிஸ் · திங்கள் காலை 6.20

நான் சத்திரசிகிச்சை வார்ட்ல 28 வருஷம் நர்ஸா இருந்து ஓய்வு எடுத்தவ. மொதல்ல மவுண்டன் கிங் தம்பிக்கு. குளிருக்கு மூத்திரம் கூடும்ங்கிறது உண்ம தான், ஒடம்பு தோல் பக்கம் போற ரத்தத்த சுருக்கிக்கும் அதனால கிட்னிக்கு கூட போகும். ஆனா குளிரு மூத்திரத்த கூட்டும், துணியில சிந்த வெக்காது. சிந்துச்சின்னா வேற ஏதோ இருக்கு. பொல்பலா மூத்திரத்த கூட்டி விடுற மூலிக. வழி அடைச்சிருக்க மனுஷனுக்கு மேலும் தண்ணிய கூட்டி விட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

டிக்கோயா மகன், கசிவுன்னு நாம ஒரே பேரு சொல்றோம், உள்ள நடக்கிறது நாலஞ்சு விதம். பீலிய நெனச்சிக்குங்க. மேல தண்ணித் தொட்டி, கீழ கொழாய். தொட்டி நிரம்பாமலே திடீர்னு சுருங்கி தள்ளுச்சின்னா "வந்துருச்சி வந்துருச்சி"ன்னு ஓடுறதுக்குள்ள போயிரும், அது அவசரக் கசிவு. கொழாய் வாஷர் தளந்திருந்தா இருமும்போது, மூட்ட தூக்கும்போது பீச்சும், ஆம்பளைங்களுக்கு இது பெரும்பாலும் புரொஸ்டேட் ஒப்பரேஷனுக்கு பொறவு வர்றது. மூணாவது தான் எனக்கு பயம். கொழாய் வாய் அடைச்சிருக்கு, தொட்டி எப்பவும் ரொம்பியே இருக்கு, அதனால ஓரத்தால வழியுது. அந்த ஆளு "நான் அடிக்கடி போறேனே"ன்னு தான் சொல்லுவாரு ஆனா ஒரு தடவையும் முழுசா காலியாகியிருக்காது. பதுளை பெரியவர் சொன்னது இதுல ஒன்னும் இல்ல, அது கொழாய்ல தங்குற மிச்சம், தொல்ல ஆனா ஆபத்து இல்ல.

அதனால அப்பாவ பாத்துட்டு இதுக்கு பதில் சொல்லுங்க. போக ஆரம்பிக்க நேரம் எடுக்குதா, நின்னுக்கிட்டே காத்திருக்காரா? வேகம் எப்படி, நூல் மாதிரியா விட்டு விட்டா? முடிச்சிட்டு வந்து அஞ்சு நிமிஷத்துல திரும்ப போறாரா? பகல்ல கால் வீங்குதா? பிரஷர் மருந்து பேரு என்ன? மலச்சிக்கல் இருக்கா? சளிக்கு தூக்கம் வர்ற குளிச, பிரிட்டோன் மாதிரி, அடிக்கடி போடுறாரா?

லொறி தம்பி · திங்கள் பகல் 1.05

மிஸ் நான் கெப்பட்டிபொலயில இருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏத்துறவன், வயசு 44. லொறியில எங்க நிப்பாட்டுறது, போத்தல் தான் வாழ்க்க. நாலு மாசத்துக்கு முன்னுக்கு எனக்கும் அடிக்கடி வர ஆரம்பிச்சிச்சி, ஒரு பயணத்துக்கு ஒரு போத்தல் போதும், அது மூணு போத்தல் ஆச்சி, ஒருநாள் ஏத்தத்துல கிளச்ச மிதிச்சேன் நனைஞ்சி போச்சி. புரொஸ்டேட்னு பயந்து போயி காட்டுனா சீனி வியாதி. 280. வேகமெல்லாம் நல்லா தான் இருந்திச்சி, அளவு தான் கூட. தண்ணித் தாகமும் கூட. மருந்து எடுத்து சீனி எறங்குன பொறவு பழையபடி ஒரு போத்தல். அதனால மொதல்ல சீனிய பாருங்கன்னு சொல்ல தான் வந்தேன். எறும்பு மொய்க்குதான்னு பாத்து தெரிஞ்சிக்கிற காலம் போச்சி, விரல்ல ஒரு குத்து.

பழைய மிஸ் · திங்கள் பகல் 2.30

லொறி தம்பி நல்ல வேள சொன்னீங்க. சீனி கூடினா கிட்னி அத வெளிய தள்ள தண்ணியையும் சேத்து இழுத்துக்கிட்டு போகும், அதான் அந்த மூணு போத்தல். இன்னொரு பக்கமும் இருக்கு, சீனி பல வருஷம் கட்டுப்பாடில்லாம இருந்தா மூத்திரப்பையோட நரம்பு மரத்துப் போகும், ரொம்பினதே தெரியாது. நீங்க போத்தல் இருக்குன்னு ரொம்ப நேரம் அடக்காதீங்க. பை சாதாரணமா 400, 500 மில்லி புடிக்கும், ஒரு 200 ஆகும்போதே சொல்ல ஆரம்பிக்கும், அது சொல்றத கேளுங்க.

மவுண்டன் கிங் · திங்கள் இரவு 8.40

மிஸ் கோவிக்காதீங்க, நான் நல்லதுக்கு தான் சொன்னேன். ஒன்னு கேக்கணும், எனக்கில்ல, என் கூட்டாளி ஒருத்தன் கேக்க சொன்னான். அவனுக்கு 51. வீட்டு வாசல்ல வந்து சாவிய பூட்டுல போட்டதும் தாங்க முடியாம வந்துருதாம், அது வரைக்கும் ஒன்னுமே இருக்காதாம். ரெண்டு தடவ வாசல்லயே ஆயிருச்சாம். இது என்ன மன வியாதியா?

லொறி தம்பி · திங்கள் இரவு 8.44

உங்க கூட்டாளி எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவாரு அண்ணே 😄

பழைய மிஸ் · திங்கள் இரவு 9.10

கிண்டல் வேணாம் தம்பி. மன வியாதி இல்ல. பை பழகிப் போயிருச்சி, சாவி சத்தம் கேட்டா, பீலியில தண்ணி விழுற சத்தம் கேட்டா, கைய குளுந்த தண்ணியில வெச்சா சுருங்கும். கூட்டாளிகிட்ட சொல்லுங்க, அந்த நேரம் ஓடக் கூடாது. ஓடினா கொட்டும், நின்னா நிக்கும். அசையாம நின்னு, இல்ல ஒரு திண்ணையில உக்காந்து, காத்து பிரியாம அடக்குற மாதிரி அடித்தசைய டக் டக்னு அஞ்சாறு தடவ இறுக்கி விடணும். அந்த அல அடங்கும். அடங்கின பொறவு மெதுவா நடந்து போகணும். பகல்ல போற இடைவெளிய கொஞ்சம் கொஞ்சமா கூட்டலாம், இப்ப ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கான்னா ஒரு மணி 10 நிமிஷம், அது பழகினா இன்னும் 10. ஆறு வாரம், எட்டு வாரம் பொறும வேணும். முடியலன்னா இதுக்கு மாத்திரையும் இருக்கு, ஆனா வழி அடைச்சிருக்கவங்க அத தெரியாம குடிச்சா சுத்தமா நின்னு போகும், அதனால கடையில பேரு சொல்லி வாங்க கூடாது.

தேத்தண்ணி எத்தன கோப்ப உங்க கூட்டாளிக்கு?

மவுண்டன் கிங் · திங்கள் இரவு 9.31

எட்டு ஒம்பது இருக்கும். மிஸ் தேயில மலையில பொறந்தவன தேத்தண்ணி குடிக்காதன்னு சொன்னா அவன் எங்க போவான்.

பழைய மிஸ் · திங்கள் இரவு 9.40

குடிக்காதன்னு யாரு சொன்னா. சாயம் கெட்டியா இருந்தா பைக்கு உறுத்தல், மூத்திரமும் கூடும். காலையில ரெண்டு, பத்து மணிக்கு ஒன்னு, மூணு மணிக்கு ஒன்னு லேசா, அதோட போதும். ராத்திரி சோத்துக்கு பொறவு குடிக்கிற அந்த பிளேன்ட்டி தான் பெரிய வில்லன். ஆனா தண்ணிய நிப்பாட்டாதீங்க, அது தான் எல்லாரும் செய்ற பெரிய பெழ. தண்ணி கொறஞ்சா மூத்திரம் மஞ்சளா கெட்டியாகி பைய இன்னும் எரிச்சலாக்கும், நாத்தமும் கூடும், மலச்சிக்கலும் வரும், மலம் கட்டினா அதுவும் பைய நெருக்கும். நாளைக்கி ஒன்றரை லீட்டர் குடிக்கணும், படுக்கிறதுக்கு ரெண்டு மூணு மணித்தியாலம் முன்னுக்கு மட்டும் கொறச்சிக்கணும். இருதயம் கிட்னி நோயாளிங்க அவங்க டொக்டர் சொன்ன அளவு.

டிக்கோயா மகன் · செவ்வாய் இரவு 10.05

மிஸ் நேத்து லீவு போட்டு வீட்டுக்கு வந்துட்டேன். நீங்க கேட்டதுக்கு பதில். சொல்லவே சங்கடமா இருக்கு, ராத்திரி அவரு எந்திரிச்சதும் நானும் பின்னாலயே போயி டோர்ச் அடிச்சி படியில நின்னேன், வழுக்கும்னு சொல்லி. உள்ள போயி ரொம்ப நேரம் சத்தமே இல்ல. பொறவு விட்டு விட்டு. வந்து படுத்து கால் மணி ஆகல, திரும்ப. கால் பின்னேரத்துல வீங்குது, சொக்ஸோட அச்சு பதியுது. பிரஷர் மருந்து அம்லோடிபின். சளிக் குளிச பெட்டியில ஒரு கார்ட் முழுசா இருக்கு, குளிருக்கு மூக்கு ஒழுகும்ல அதுக்கு போடுறாரு.

மூணாவது தடவ எறங்கும்போது படியில நின்னு அவரே பேசினாரு. "உங்கம்மாகிட்ட சொல்லாத"ன்னாரு. நான் சரிப்பான்னேன். அவ்வளவு தான் பேசினோம்.

பழைய மிஸ் · புதன் காலை 5.55

நல்ல மகன். கேட்டதுல பாதி இப்பவே தெளிவாயிருச்சி, நான் டொக்டர் இல்ல ஆனா இது அந்த மூணாவது சங்கதி மாதிரி இருக்கு, புரொஸ்டேட். எல்லா ஆம்பளைக்கும் உள்ளது தான் அது, பைக்கு கீழ மூத்திரக் கொழாய சுத்தி ஒரு மோதிரம் மாதிரி, சின்ன வயசுல ஒரு 20 கிராம், அம்பதுக்கு மேல மெதுவா பெருக்கும். இந்த பெருக்கம் புற்றுநோய் இல்ல, அத மொதல்ல அவருக்கு சொல்லுங்க. ஆளுங்க வராம இருக்கிறதுக்கு பாதி காரணம் அந்த பயம் தான், வாயால கேக்க மாட்டாங்க.

சளிக் குளிசைய இன்னைக்கே நிப்பாட்டுங்க. அது மூக்க காய வெக்கிற மாதிரியே பைய சோம்பலாக்கும், நான் வேல செஞ்ச காலத்துல குளிரு மாசத்துல மூத்திரம் அடைச்சி ராத்திரி வர்ற வயசாளிங்கள்ல எத்தன பேர் சட்டப் பைக்குள்ள அந்த கார்ட் இருந்திருக்கு.

பிரஷர் மருந்த நீங்களா நிப்பாட்டிறாதீங்க, ஆனா கால் வீங்குறத டொக்டர்கிட்ட சொல்லுங்க. அம்லோடிபின் கால்ல நீர் தங்க வெக்கும். பகல்ல கால்ல எறங்கின தண்ணி ராத்திரி படுத்ததும் மேல ஏறி மூத்திரமா வரும். பின்னேரம் ஒரு மணித்தியாலம் கால தலகாணி மேல ஒசத்தி வெச்சி படுக்க சொல்லுங்க, அந்த தண்ணி படுக்கிறதுக்கு முன்னுக்கே போயிரும்.

ராத்திரிக்கு கட்டிலுக்கு கீழ ஒரு வாய் அகன்ற போத்தல் வெச்சிருங்க. எட்டுப் படி எறங்கி இடுப்பு எலும்ப ஒடச்சிக்கிட்டு வர்றத விட போத்தல் மானம் கெட்ட விஷயம் இல்ல.

கிளினிக்குக்கு போகும்போது மூணு நாள் கணக்கு எழுதிக் கொண்டு போங்க, எத்தன மணிக்கு குடிச்சாரு எவ்வளவு, எத்தன மணிக்கு போனாரு எத்தன மில்லி, எப்ப நனைஞ்சிச்சி. ஒரு பிளாஸ்டிக் போத்தல வெட்டி கோடு போட்டா அளக்கலாம்.

கம்பளை வாத்தியார் · புதன் இரவு 7.15

எனக்கு இந்த புரொஸ்டேட் ஒப்பரேஷன் கண்டி பெரியாஸ்பத்திரியில செஞ்சாங்க, அதனால உள்ள என்ன நடக்கும்னு சொல்றேன், பயப்படுறவங்களுக்கு உதவும். மொத நாள் ஒரு கடுதாசியில ஏழு கேள்வி, ஒவ்வொன்னுக்கும் 0ல இருந்து 5 வரைக்கும், கூட்டினா 35. ஏழுக்குள்ள லேசு, 8ல இருந்து 19 நடுத்தரம், 20க்கு மேல கடும். நான் 26. வாத்தியார் வாழ்க்கையில கூட மார்க் வாங்கி சந்தோஷப்படாத ஒரே பரீட்ச.

மூத்திரம், ரத்தம், பின்வழியா ஒரு விரல் விட்டு பாக்குறது. அந்த விரல் தான் எல்லாருக்கும் பெரிய மலை, உண்மையில ஒரு நிமிஷம் கூட ஆகாது. பொறவு ஸ்கேன், ரொம்பி இருக்கும்போது ஒருக்கா, போயிட்டு வந்து ஒருக்கா, மிச்சம் எவ்வளவு நிக்குதுன்னு. 50 மில்லிக்கு கீழன்னா நல்லா காலியாகுது, 200க்கு மேலன்னா சரியா காலியாகல. எனக்கு 340.

பீஎஸ்ஏன்னு ஒரு ரத்தப் பரிசோதன இருக்கு, அது கூடினா புற்றுநோய்னு முடிவு கட்டிறாதீங்க, கிருமி இருந்தாலும் மூத்திரம் போக டியூப் போட்டிருந்தாலும் கூடும். எனக்கு மருந்து ஒத்து வராம கொழாய் வழியா உள்ள போயி சுரண்டி எடுத்தாங்க, வெளிய ஒரு கீறல் கெடையாது. டியூப் ரெண்டு மூணு நாள். எடுத்த பொறவு ஒரு மாசம் இருமினா தும்மினா சிந்திச்சி, அடித்தசப் பயிற்சி செஞ்சி சரியாச்சி. இன்னொன்னு யாரும் முன்கூட்டி சொல்லல, நான் சொல்லி வெக்கிறேன், அதுக்கு பொறவு தாம்பத்தியத்துல பெரும்பாலும் விந்து வெளிய வராது, பைக்குள்ள போயி அடுத்த தடவ மூத்திரத்தோட வரும். ஆபத்தில்ல. ஆனா தெரியாம இருந்தா மனுஷன் செத்தே போயிருவான்.

புற்றுநோய்க்காக புரொஸ்டேட் சுரப்பிய முழுசா எடுத்தவங்களுக்கு கசிவு இத விட கூட நாள் இருக்கும், சிலருக்கு ஒரு வருஷம் வரைக்கும். என் பக்கத்து கட்டில்காரருக்கு அப்படி.

மாமாவோட மருமக · புதன் இரவு 9.50

பொம்பளைங்க எழுதலாமா தெரியல. எங்க மாமாவுக்கு பாரிசவாதம் வந்து ரெண்டு வருஷம். லயக் காம்பரா தான், ஒரே அற, புள்ளைங்க படிக்கிறதும் அதுல மாமா படுக்கிறதும் அதுல. அவருக்கு வர்றது தெரியும் ஆனா எந்திரிச்சி போறதுக்குள்ள போயிரும், கால் வராது. மொதல்ல பெரியாளுங்க பெம்பஸ் வாங்கினோம், கட்டுப்படியாகல. பொறவு மிட்வைஃப் மிஸ் சொன்னபடி ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா வந்தாலும் வராட்டியும் போத்தல் குடுக்கிறேன், இப்ப பகல்ல பெம்பஸே வேணாம், ராத்திரிக்கு மட்டும் ஒன்னு. மெத்தைக்கு மேல ரப்பர் ஷீட், அதுக்கு மேல சேல மடிச்சி. நனைஞ்சா ஒடனே கழுவி நல்லா துடைச்சி காய விட்டு வேஸ்லின் லேசா பூசுவேன், பூசாட்டி செவந்து புண்ணாயிரும்.

ஆளுங்க முன்னுக்கு "மாமா போவமா"ன்னு மட்டும் தான் கேப்பேன். எங்கேன்னு சொல்ல மாட்டேன். அவரும் தலையாட்டுவாரு.

பதுளை பெரியவர் · புதன் இரவு 10.20

இந்த மகள் நல்லா இருக்கணும்.

வாத்தியார் சொன்ன அடித்தசப் பயிற்சிய சரியா சொல்லிர்றேன், நான் மூணு மாசம் தப்பா செஞ்சவன். வயித்த எக்குறது இல்ல, குண்டிய இறுக்குறதும் இல்ல. காத்து விடாம அடக்குற மாதிரி, கூடவே விதைய உள்ளுக்கு மேல தூக்குற மாதிரி. சரியா செஞ்சா கண்ணாடி முன்னுக்கு நின்னு பாத்தா விதை லேசா ஒசரும். மூச்ச புடிக்க கூடாது. பத்து எண்ற வரைக்கும் இறுக்கி பத்து எண்ற வரைக்கும் விடணும், பத்து தடவ, ஒரு நாளைக்கி மூணு வேள. மொதல்ல பத்து எண்ண முடியாது, மூணுல விட்டுப் போகும், பரவால்ல. மூத்திரம் போகும்போது நடுவுல நிறுத்தி பாக்குறத பழக்கமாக்கிக்க வேணாம். பலன் தெரிய மூணு மாசம். நான் பூச நேரத்துல செய்றேன், யாருக்கும் தெரியாது, சாமிக்கு தெரியும்.

டிக்கோயா மகன் · வியாழன் பகல் 12.12

ஒரு கேள்வி. அப்பா தொரமாரோட இங்கிலீஷ்லயும் வெளியாளுங்களோட சிங்களத்துலயும் நல்லா பேசுவாரு, ஆனா இத எப்படி சிங்களத்துல சொல்றதுன்னு தெரியலயாம், "கேட்டா என்னத்த சொல்ல"ங்கிறாரு. இதுக்காகவே போக மாட்டேங்கிறாரு போல.

பழைய மிஸ் · வியாழன் பகல் 3.00

கடுதாசியில எழுதிக் குடுங்க. "முத்ரா பாலனய கரகன்ன பே", அடக்க முடியலன்னு அர்த்தம். "ரேட கீப்ப பாரக் நெகிட்டினவா", ராத்திரி பல தடவ எந்திரிக்கிறேன். அதோட அந்த மூணு நாள் கணக்க நீட்டினா போதும், அது எல்லா பாஷையும் பேசும். சர்ஜிக்கல் கிளினிக்குக்கு டொக்டர்கிட்ட ஒரு சிபாரிசுக் கடுதாசி எடுத்துட்டு போங்க, அங்க இருந்து தேவைன்னா யூரோலொஜிக்கு அனுப்புவாங்க.

கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்க கூடாத விஷயமும் இருக்கு. ஒரு சொட்டும் வராம அடிவயிறு கல்லு மாதிரி வீங்கி வலிச்சா, அது அன்னைக்கே, ராத்திரின்னாலும், 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசு இல்லாம வரும். ரத்தமா போனா, வலியில்லாட்டியும், காட்டணும். குளிர் காய்ச்சலோட எரிஞ்சா காட்டணும். திடீர்னு முதுகு வலியோட கால் பலம் கொறஞ்சி, சைக்கிள் சீட் படுற எடம் மரத்துப் போயி, மூத்திரம் அடைச்சாலோ தானா போனாலோ ஒரு மணி நேரம் கூட தாமதிக்காதீங்க, அது முதுகெலும்பு நரம்பு நெரிபடுறது.

டிக்கோயா மகன் · நாலு வாரம் கழிச்சி, சனி இரவு 8.30

மன்னிக்கணும், எழுத நேரம் கெடைக்கல. காட்டிட்டோம். ஏழு கேள்வியில 21. சுரப்பி 48 கிராம், போயிட்டு வந்தும் 160 மில்லி மிச்சம். சீனி இல்ல. பீஎஸ்ஏ பயப்பட ஒன்னும் இல்லன்னாங்க. டாம்சுலோசின் 0.4 மாத்திர, ராத்திரி சாப்பாட்டுக்கு பொறவு. கொழாய் சுத்தி இருக்க தசைய தளத்தும்னு டொக்டர் சொன்னாரு. மொத மூணு நாள் எந்திரிச்சா தலசுத்து, கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உக்காந்து எந்திரிக்க சொன்னாங்க, இப்ப இல்ல. கூடவே ஃபினாஸ்டரைட், அது சுரப்பிய மெதுவா சுருக்குமாம், ஆறு மாசம் ஆகுமாம் முழுப் பலன் தெரிய. பிரஷர் மருந்தயும் மாத்திட்டாங்க, கால் வீக்கம் போச்சி. போயிட்டு நின்னு ஒரு நிமிஷம் கழிச்சி திரும்ப ஒருக்கா முயற்சி பண்ண சொன்னாங்க, ரெண்டாவது தடவயும் கொஞ்சம் வருது.

ராத்திரி இப்ப ரெண்டு தடவ.

கம்பளை வாத்தியார் · சனி இரவு 8.52

ரொம்ப சந்தோஷம். ரெண்டு விஷயம் மறக்காதீங்க. ஃபினாஸ்டரைட் பீஎஸ்ஏ கணக்க பாதியா கொறச்சிக் காட்டும், வேற எடத்துல பரிசோதன செஞ்சா இந்த மாத்திர குடிக்கிறேன்னு சொல்லணும். அப்பாவுக்கு கண்ணுல பூ எடுக்கிற ஒப்பரேஷன் எப்பயாவது வந்தா டாம்சுலோசின் குடிக்கிறத கண் டொக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லணும், கண்ணுக்குள்ள இருக்க தசையையும் அது தளத்தும், தெரிஞ்சா அவங்க அதுக்கு தயாரா இருப்பாங்க.

டிக்கோயா மகன் · சனி இரவு 9.20

நன்றி சேர், கிளினிக் கொப்பி மட்டையிலயே எழுதி வெச்சிட்டேன்.

அந்த மூணு நாள் கணக்கு கதைய சொல்லணும். நான் ஒரு ஏஃபோர் தாள்ல கோடு போட்டு குடுத்தேன். அப்பா அத வாங்கி பாத்துட்டு ஓரமா வெச்சிட்டு, ஒரு பழைய சீஆர் கொப்பிய எடுத்து, அடிமட்டம் வெச்சி தோட்டத்துல வேலைக்கு வந்தவங்க பேரு பதியுற செக்ரோல் மாதிரியே கட்டம் போட்டாரு. செவப்பு பேனையில தேதி, நீலத்துல மில்லி. கடைசி கட்டத்துல ஒரு நாளைக்கி ஒரு குறி. நனையாத நாளுக்கு முழுப்பேரு, ஒருக்கா நனைஞ்சா அரைப்பேரு. தோட்டத்துல முழுநாள் வேலைக்கு முழுப்பேரு, அரைநாளுக்கு அரைப்பேரு, 34 வருஷம் மத்தவங்களுக்கு போட்ட பேரு. மொத வாரத்துல ஒரு முழுப்பேரு கூட இல்ல, எல்லாம் வெத்துக் கட்டம். டொக்டர் அந்த கொப்பிய திருப்பி திருப்பி பாத்துட்டு பக்கத்து டொக்டர்மாரையும் கூப்பிட்டு காட்டினாரு, அப்பாவுக்கு அன்னைக்கி மொகத்த பாக்கணும்.

மூணு நாள் தான் கேட்டாங்க. அவரு இன்னும் நிப்பாட்டல. இந்த வாரம் அஞ்சு முழுப்பேரு, ரெண்டு அரைப்பேரு.

பஸ் இன்னும் வேணாம்ங்கிறாரு, அதனால கோச்சியில, அதான் ரயில்ல, டிக்கட் போட்டோம், அதுல கக்கூஸ் இருக்குல்ல. நாளைக்கி காலையில ஹட்டன்ல ஏறி தங்கச்சி வீட்டுக்கு. ஒரு மாத்து சாரம், ஒரு துண்டு, ஒரு சொப்பிங் பேக், கொப்பி. பேத்திக்கு சடங்குக்கு போட வேண்டிய சங்கிலியும்.

லொறி தம்பி · சனி இரவு 9.26

அப்பாவ ஓரத்து சீட்டுல உக்கார வெய்ங்க, ஜன்னல் பக்கம் இல்ல, நடபாத பக்கம். எந்திரிச்சி போக லேசு.

டிக்கோயா மகன் · ஞாயிறு பகல் 11.40

நாவலப்பிட்டி தாண்டிட்டோம். ரொசல்லையில ஒருக்கா போயிட்டு வந்தாரு, கொப்பியில ஏத்திட்டாரு, கோச்சி ஆட்டத்துல கோடு வளஞ்சிருச்சின்னு கோவம்.

மவுண்டன் கிங் · ஞாயிறு பகல் 11.58

தம்பி அந்த கொப்பி பக்கத்த ஒரு போட்டோ எடுத்து போடுங்களேன். கட்டம் எப்படி போடுறதுன்னு என் கூட்டாளி கேக்குறான்.